தங்க அட்டையும் முன் கேபினும்: சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னை வரை

ஒரே விமான நிறுவனத்தில் அடிக்கடி பறப்பவருக்கு அந்த நிறுவனம் தரும் தனி அந்தஸ்துக்கு எலைட் ஸ்டேட்டஸ் என்று பெயர். சில்வர், கோல்டு, பிளாட்டினம் எனப் படிப்படியாக ஏறும் இந்த அந்தஸ்தை, ஓராண்டில் ஒருவர் எத்தனை முறை பறந்தார், எவ்வளவு செலவிட்டார் என்ற கணக்கு முடிவு செய்கிறது. எகானமிக்குப் பணம் கட்டியவர் பிசினஸ் கிளாஸ் இருக்கையில் உட்கார்ந்து போவது அப்கிரேட். ஒரு நிறுவனத்தின் சொந்த விமானங்களில் இவை இரண்டும் சேர்ந்தே வரும். மேல்படியில் இருப்பவருக்கு முன் கேபினில் இடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். பயணத்தின் ஒரு பகுதி கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் அமையும்போது இந்தச் சேர்க்கை உடைகிறது. ஸ்டேட்டஸ் அடுத்த விமானத்துக்கும் கூடவே வரும். அப்கிரேட் பெரும்பாலும் வராது.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்னைக்கு வரும் பாதையில் இந்த வேறுபாட்டைப் படிப்படியாகப் பார்க்கலாம். சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நேரடி விமானம் இல்லாததால், ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறியே ஆக வேண்டும். துபாய், தோஹா, சிங்கப்பூர், ஹாங்காங், லண்டன் என்று வழிகள் பல. ஃபிராங்க்ஃபர்ட் வழியில் முதல் பாதியை யுனைடெட் நிறுவனமும் இரண்டாம் பாதியை லுஃப்தான்சாவும் ஓட்ட, ஒரே டிக்கெட்டில் இரண்டும் அடங்கிவிடும். ஒரே பயணி, ஒரே அட்டை, ஒரே நாள். ஆனால் முதல் விமானத்தில் அந்த அட்டைக்கு இருக்கும் செல்வாக்கு வேறு, இரண்டாவது விமானத்தில் இருப்பது வேறு.

இந்த ஏற்பாட்டின் வேர் 1978-ல் இருக்கிறது. அமெரிக்க அரசு அந்த ஆண்டு விமானத் துறை மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதுவரை கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசு வாரியம்தான் தீர்மானித்தது. பிறகு யார் வேண்டுமானாலும் எங்கும் எந்த விலைக்கும் ஓட்டலாம் என்றானதும், வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்ற கவலை நிறுவனங்களைப் பிடித்தது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் ‘மைலேஜ் பிளஸ்’ஸுடன் வந்தது. பறந்த தூரத்துக்கு மைல் கணக்கு, மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட் என்று எளிமையாகத் தொடங்கிய திட்டங்கள் பின்னர் படிநிலைகளாக வளர்ந்தன.

ஸ்டேட்டஸைக் கூட்டாளி விமானத்துக்கும் கொண்டுசெல்லும் கூட்டணிகள் பிறந்ததற்குக் காரணம் வேறு. ஒரு நாட்டு விமான நிறுவனத்தை வெளிநாட்டு நிறுவனம் முழுதாக வாங்கிவிடப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் வெளிநாட்டவருக்கு 25 சதவீத வாக்குரிமைப் பங்குக்கு மேல் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 49 சதவீதம். மற்ற தொழில்களில் போல எல்லை தாண்டி நிறுவனங்கள் இணைய முடியாத நிலையில், இணையாமலே இணைந்ததுபோல் நடந்துகொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. நார்த்வெஸ்ட் நிறுவனமும் கே.எல்.எம்.மும் 1990-களின் தொடக்கத்தில் அந்த வழியைக் காட்டின. 1997 மே 14 அன்று ஏர் கனடா, லுஃப்தான்சா, எஸ்.ஏ.எஸ்., தாய் ஏர்வேஸ், யுனைடெட் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸை அமைத்தன. 1999 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டும், 2000 ஜூனில் ஸ்கைடீமும் வந்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000-லும் ஏர் இந்தியா 2014 ஜூலையிலும் ஸ்டாரில் சேர்ந்தன. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே மாதம் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது. இந்தக் கூட்டு நிரந்தரமானதும் அல்ல: ஸ்டாரை நிறுவிய ஐந்தில் ஒன்றான எஸ்.ஏ.எஸ். 2024 செப்டம்பரில் ஸ்கைடீமுக்குத் தாவியது.

ஒவ்வொரு நிறுவனமும் தன் படிநிலைகளுக்குத் தன் விருப்பப்படி பெயர் வைத்திருக்கிறது. கூட்டணி அவற்றைத் தன் பொதுப் படிகளுக்குள் அடக்குகிறது. ஸ்டாரில் சில்வர், கோல்டு என இரண்டு. ஒன்வேர்ல்டில் ரூபி, சஃபையர், எமரால்டு என மூன்று. ஸ்கைடீமில் எலைட், எலைட் பிளஸ். யுனைடெடில் கோல்டு, பிளாட்டினம், 1கே என்று மூன்று படிகள் ஏறினாலும் கூட்டாளியின் கவுண்டரில் மூவரும் ‘ஸ்டார் கோல்டு’ மட்டுமே. 2025-ஆம் ஆண்டு விதிப்படி 1கே-யை எட்ட 60 பறப்புகளும், செலவைப் பொறுத்து ஏறும் தகுதிப் புள்ளிகள் 22,000-மும் வேண்டும். பறப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் எட்டுவதானால் 28,000 புள்ளிகள். கோல்டுக்கோ 30 பறப்புகளும் 10,000 புள்ளிகளும் போதும். இருமடங்கு செலவழித்தவரும் பாதி செலவழித்தவரும் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரே வரிசையில் நிற்பார்கள். மேல்படியில் இருப்பவர்களுக்கு இது முதல் ஏமாற்றம்.

டிக்கெட்டிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. விமானத்தை விற்கும் நிறுவனமும் ஓட்டும் நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. யுனைடெட் எண் போட்ட டிக்கெட்டில் ‘இயக்குவது லுஃப்தான்சா’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தால் யார் வெளியிட்டது என்று தெரியும்: 016 எனில் யுனைடெட், 220 எனில் லுஃப்தான்சா, 098 எனில் ஏர் இந்தியா, 618 எனில் சிங்கப்பூர். முன்பதிவுக் குறியீடும் பெரும்பாலும் இரண்டு இருக்கும். யுனைடெடின் குறியீட்டை லுஃப்தான்சாவின் தளத்தில் போட்டால் ‘கிடைக்கவில்லை’ என்றே வரக்கூடும். அங்கே செல்லுபடியாகும் இன்னொரு குறியீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இருக்கை, சாப்பாடு, உறுப்பினர் எண் மூன்றும் இரு பக்கமும் பதிவாகியுள்ளனவா என்று பார்ப்பதற்கு அதுதான் வழி.

அடுத்தது எழுத்து. எகானமி என்பது ஒரே வகுப்பாகத் தோன்றினாலும் அதற்குள் பத்துப் பதினைந்து விலைப் படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஒய், பி என்பவை முழுக்கட்டண எகானமி. எச், கியூ, வி, எல், கே என்று இறங்க இறங்க விலை குறையும், நிபந்தனை கூடும். ஜே, சி, டி ஆகியவை பிசினஸ் கிளாஸுக்கான எழுத்துகள். மைல் கொடுத்து எடுக்கும் இருக்கைகளுக்கு வேறு எழுத்து: ஸ்டாரில் பிசினஸுக்கு ஐ, முதல் வகுப்புக்கு ஓ. ஒரு கேபினில் இருபது இருக்கை காலியாக இருந்தாலும் ஐ எழுத்தில் ஒன்றைக்கூட நிறுவனம் திறக்காமல் வைத்திருக்கலாம். இருக்கை வரைபடத்தில் காலி இடங்களைப் பார்த்து நம்பிக்கை வைப்பவர்கள் இதை அறியாதவர்கள். காலி இருக்கை வேறு, கொடுக்கத் தயாராக இருக்கும் இருக்கை வேறு.

யுனைடெட் ஓட்டும் முதல் பாதியில் இந்த விளையாட்டுக்குத் தெளிவான விதிகள் உண்டு. 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் பழைய அப்கிரேட் சீட்டுகளை நிறுத்திவிட்டு ‘பிளஸ்பாயிண்ட்ஸ்’ என்ற புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. பிளாட்டினத்தை எட்டினால் 40 புள்ளி, 1கே-யை எட்டினால் மேலும் 280. தொடக்க விதிப்படி, ஓரளவு விலையுள்ள எகானமி டிக்கெட்டிலிருந்து ‘போலரிஸ்’ எனப்படும் பிசினஸ் கேபினுக்கு மாற 40 புள்ளியும், மலிவு டிக்கெட்டிலிருந்து மாற 80 புள்ளியும் தேவைப்பட்டன. யுனைடெடின் 777-300 இ.ஆர். ரக விமானத்தில் மொத்தம் 350 இருக்கைகள். அவற்றில் போலரிஸ் 60. அந்த அறுபதில் எத்தனையை முன்கூட்டியே அப்கிரேடுக்கு விடுவது, எத்தனையைக் கடைசி நாள் வரை விற்பனைக்கு வைத்திருப்பது என்பதை வருவாய்ப் பிரிவின் கணினி முடிவு செய்கிறது. உடனே கிடைக்காதவர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார். ரயிலில் சார்ட் தயாராகும் வரை ஆர்.ஏ.சி. டிக்கெட்டோடு காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. வேறுபாடு என்னவென்றால், ரயிலில் முன்பே பதிந்தவர் முன்னால் நிற்பார். இங்கே படிநிலையும் டிக்கெட் எழுத்தும்தான் முதலில் பார்க்கப்படும். நேற்றிரவு டிக்கெட் வாங்கிய 1கே, மூன்று மாதம் முன்பு வாங்கிய பிளாட்டினத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் சர்வதேச முனையத்தின் ஜி பகுதியிலிருந்து யுனைடெட் புறப்படுகிறது. இங்கே கோல்டு அட்டையின் முதல் பயன் பெட்டியில் தெரியும். எடைக்கணக்கு உள்ள பாதையில் 20 கிலோ கூடுதலாகவும், எண்ணிக்கைக் கணக்கு உள்ள பாதையில் ஒரு பெட்டி கூடுதலாகவும் கொண்டுபோக ஸ்டார் கோல்டு உரிமை தருகிறது. அமெரிக்கா–இந்தியா பாதை எண்ணிக்கைக் கணக்கைச் சேர்ந்தது. லவுஞ்ச், வரிசை என்று ஆயிரம் பேசினாலும், ஊருக்கு வந்து திரும்பும் தமிழ்க் குடும்பம் உண்மையில் விரும்புவது இந்தக் கூடுதல் பெட்டியைத்தான். போகும்போது சாக்லேட்டும் வைட்டமின் மாத்திரையும், திரும்பும்போது வற்றல், வடகம், சாம்பார்ப் பொடி, சில சமயம் கோவை டேபிள்டாப் கிரைண்டர். கூட்டாளி விமானத்திலும் குறையாமல் கிடைக்கும் சலுகை இது என்பதால், பணமாகக் கணக்கிட்டால் முன் இருக்கைக்கு அடுத்து இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

லவுஞ்சில் நுழைவதற்கான விதி விசித்திரமானது. சர்வதேசப் பயணத்தில் யுனைடெட் கோல்டு உறுப்பினர் யுனைடெட் கிளப்புக்குள் போகலாம். அதே உறுப்பினர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோவுக்கு மட்டும் பறந்தால் அந்த அட்டையைக் காட்டி நுழைய முடியாது. லுஃப்தான்சாவின் செனட்டர் அட்டையோ சிங்கப்பூரின் கோல்டு அட்டையோ வைத்திருப்பவர் அதே உள்நாட்டு விமானத்துக்குக் காத்திருக்கும்போது தாராளமாக உள்ளே போவார். கிளப் உறுப்பினர் கட்டணத்தைச் சொந்த ஊர் வாடிக்கையாளரிடம் விற்க வேண்டுமே என்பதுதான் காரணம். வெளியூர் உறுப்பினர்கள் எண்ணிக்கையில் குறைவு, அவர்களுக்காகக் கூட்டாளி நிறுவனம் பணமும் தருகிறது. இதற்கு மேலே போலரிஸ் லவுஞ்ச் என்று ஒன்று உண்டு. சிகாகோவில் 2016 டிசம்பரில் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோவில் 2018-ல் வந்தது. அங்கே உட்கார்ந்து பரிமாறும் சாப்பாடு, குளியலறை, படுக்கை எல்லாம் உண்டு. எந்த நிற அட்டையும் அதன் கதவைத் திறக்காது. நெடுந்தூர பிசினஸ் கிளாஸ் போர்டிங் பாஸ் வேண்டும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் பயணி லுஃப்தான்சாவின் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். முதலாம் முனையத்தில் பல லவுஞ்சுகள். அவை மூன்று தரமாகப் பிரிந்திருக்கின்றன. பிசினஸ் லவுஞ்ச் அந்த வகுப்பு டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு. செனட்டர் லவுஞ்ச் அதைவிட ஒரு படி மேல்; லுஃப்தான்சாவின் செனட்டர்களோடு மற்ற நிறுவனங்களின் ஸ்டார் கோல்டுகளுக்கும் அங்கே இடமுண்டு, ஒரு விருந்தினரையும் அழைத்துப் போகலாம். ஆகவே யுனைடெட் கோல்டு ஒருவர், பின்னால் எகானமியில் உட்காரப் போகிறவர், பிசினஸ் டிக்கெட் வாங்கியவரைவிட நல்ல லவுஞ்சில் காப்பி குடிக்கலாம். மூன்றாவது தரம் முதல் வகுப்புப் பயணிகளுக்கும் ‘ஹான் சர்க்கிள்’ எனப்படும் மிக உயர்ந்த படிக்கும் உரியது. 2024 தொடங்கி செனட்டருக்கு ஆண்டுக்கு 2,000 புள்ளி, ஹான் சர்க்கிளுக்கு 6,000. இந்த மூன்றாவது தரத்தாருக்கென்று 2004-ல் முனையத்துக்கு வெளியே தனிக் கட்டடமே கட்டினார்கள். அங்கிருந்து புறப்படுபவரை விமானத்தின் அடிவரை காரில் கொண்டுவிடுவார்கள். கூட்டாளி நிறுவனத்தின் கோல்டு அட்டைக்கு அந்த வாசலில் வேலை இல்லை.

சென்னை விமானத்தின் கேட்டுக்கு நடக்கும்போதுதான் அப்கிரேட் கேள்வி எழுகிறது. முதல் விமானத்தில் போலரிஸில் படுத்துத் தூங்கி வந்த 1கே உறுப்பினர், இரண்டாவது விமானத்திலும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பது இயல்பு. கேட்டில் நிற்கும் லுஃப்தான்சா ஊழியர் பணிவாகத்தான் பதில் சொல்வார். ஆனால் அவர் திரையில் தெரிவது ‘ஸ்டார் கோல்டு’ என்பது மட்டும். யுனைடெடில் அந்தப் பயணி எத்தனை ஆயிரம் புள்ளி சேர்த்தார் என்பதல்ல.

காரணம் மரியாதைக் குறைவல்ல, கணக்கு. முன்னதாக ஏற்றுவது, தனி வரிசையில் நிறுத்துவது, பெட்டிக்கு முன்னுரிமைச் சீட்டு கட்டுவது ஆகியவற்றுக்கு ஓட்டும் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. லவுஞ்சுக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று நிறுவனங்கள் தமக்குள் தீர்த்துக்கொள்கின்றன. முன் கேபின் இருக்கை அப்படியல்ல. அது விற்கும் பொருள். ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை பாதையில் கடைசி நேரத்தில் அலுவலகச் செலவில் வாங்குபவர் வரக்கூடும், லுஃப்தான்சாவின் சொந்த செனட்டர்கள் மைல் கொடுத்தோ தம் அப்கிரேட் மின்சீட்டைக் கொடுத்தோ கேட்கக்கூடும். அந்த இருக்கையை யுனைடெடின் வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் நன்றி யுனைடெடுக்குப் போகும், இழப்பு லுஃப்தான்சாவுக்கு. அதனால்தான் எந்தக் கூட்டணியும் தன் பொதுச் சலுகைப் பட்டியலில் இலவச அப்கிரேடைச் சேர்க்கவில்லை.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதலாவது, ஸ்டார் அலையன்ஸ் அப்கிரேட் விருது. ஓர் உறுப்பு நிறுவனத்தின் மைல்களைக் கொண்டு இன்னொன்றின் விமானத்தில் ஒரு கேபின் மேலே போகலாம். நிபந்தனையில்தான் சூட்சுமம்: டிக்கெட் பெரும்பாலும் ஒய் அல்லது பி எழுத்தில், அதாவது முழுக்கட்டண எகானமியாக இருக்க வேண்டும், விருதுக்கான எழுத்திலும் இடம் திறந்திருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் பறப்பவர் முழுக்கட்டண எகானமி வாங்குவது அரிது. அந்த விலைக்குத் தள்ளுபடி பிசினஸ் டிக்கெட்டே கிடைத்துவிடும் நாட்களும் உண்டு. அப்போது மைலையும் கொடுத்து இடம் கிடைக்குமா என்று காத்திருப்பதில் பொருளில்லை. இந்த விருது உண்மையில் யாருக்கு உதவுகிறதென்றால், பிசினஸ் கிளாஸ் தர மறுத்து, மாற்றக்கூடிய முழுக்கட்டண எகானமிக்கு மட்டும் அனுமதி தரும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு.

இரண்டாவது வழி, வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது. அட்லாண்டிக்கின் மேலே யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் கனடா மூன்றும், போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று, யாருடைய விமானம் என்று பாராமல் வருமானத்தைச் சேர்த்துப் பிரித்துக்கொள்கின்றன. டெல்டாவுக்கு ஏர் பிரான்ஸ், கே.எல்.எம்., வர்ஜின் அட்லாண்டிக்கோடும், அமெரிக்கனுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியாவோடும் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. இருக்கை யாருடையதானாலும் வரவு பொது என்றாகும்போது, கூட்டாளியின் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுப்பது எளிது. யுனைடெட் உறுப்பினரின் பிளஸ்பாயிண்ட்ஸ் புள்ளிகளை லுஃப்தான்சாவின் சில டிக்கெட்டுகளுக்கும், டெல்டாவின் உச்சப்படி உறுப்பினர் பெறும் உலக அப்கிரேட் சீட்டை ஏர் பிரான்ஸ், கே.எல்.எம்., வர்ஜின் விமானங்களுக்கும் பயன்படுத்த விதி வந்தது இப்படித்தான். ஆனாலும் மலிவு எழுத்துகள் அதில் சேராது. சொந்த விமானத்தில் உடனே முடிகிற காரியத்துக்கு, கூட்டாளி விமானத்தில் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பக்கத்து ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பணம். ஏலம் கேட்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. மாண்ட்ரியலைச் சேர்ந்த பிளஸ்கிரேட் என்ற நிறுவனம் பல விமான நிறுவனங்களுக்கு இதை நடத்தித் தருகிறது. எகானமி டிக்கெட் வாங்கியவர் ‘மேலே போக இவ்வளவு தருகிறேன்’ என்று ஒரு தொகை எழுதிவைப்பார்; புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு முடிவு வரும். விற்காத முன் இருக்கைகள் ஒருகாலத்தில் விசுவாசமான வாடிக்கையாளருக்குப் பரிசாகப் போயின. அவையே இன்று காசாகின்றன. எலைட் உறுப்பினர்களுக்கு அப்கிரேட் முன்போல் கிடைப்பதில்லை என்ற முணுமுணுப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் கேட்டுப் பெற முடியாது. எகானமியில் இருக்கும் இடத்தைவிட அதிகம் பேருக்கு டிக்கெட் விற்றிருந்து, எல்லாரும் வந்துவிட்டால், பிரீமியம் எகானமியிலோ பிசினஸிலோ காலியிருக்கும் இடத்துக்குச் சிலரை நகர்த்தி விமானத்தைக் கிளப்புவார்கள். அப்போது முதலில் பார்க்கப்படுவது சொந்தத் திட்டத்தின் உறுப்பினர்களை. அவர்கள் தீர்ந்த பிறகே கூட்டாளியின் கோல்டுகளை. நல்ல உடை, இனிய பேச்சு, பிறந்தநாள் என்று சொல்வது ஆகியவை உதவும் என்பது பழைய கதை. பட்டியலைக் கணினிதான் தருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் ஒழுங்குமுறை இந்த நகர்த்தலைப் பற்றியும் பேசுகிறது. நிறுவனமே மேல் வகுப்புக்கு மாற்றினால் கூடுதல் கட்டணம் கேட்கக்கூடாது. கீழ் வகுப்புக்கு இறக்கினால் தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50 அல்லது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் 75. மைல் கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்கும் இந்த ஒழுங்குமுறை பொருந்தும். இறக்கப்பட்ட பகுதியின் விலையை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும், முழுப் பயண விலையை அல்ல என்று 2016-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது: உள்நாட்டு விமானத்தில் 75 சதவீதம், சர்வதேச விமானத்தில் தூரத்தைப் பொறுத்து 30 முதல் 75 வரை.

மற்ற வழிகளிலும் இதே கோடுதான், இழுக்கும் இடம் கொஞ்சம் மாறும். சென்னையிலிருந்து கேத்தே பசிஃபிக்கில் ஹாங்காங் வழியாகப் போகும் ஒன்வேர்ல்டு எமரால்டு, எகானமி டிக்கெட்டுடனேயே அங்கே ‘த பியர்’ முதல் வகுப்பு லவுஞ்சில் சாப்பிட்டுக் குளித்துவிட்டு வந்து, பின்வரிசையில் தன் இருக்கையில் உட்காருவார். லவுஞ்சைப் பொறுத்தவரை மூன்று கூட்டணிகளில் ஒன்வேர்ல்டின் கைதான் தாராளம். தோஹாவில் கத்தார் ஏர்வேஸின் ‘அல் சஃப்வா’ முதல் வகுப்பு லவுஞ்சுக்கு டிக்கெட்தான் சாவி, அட்டை அல்ல. சிங்கப்பூர் சாங்கியில் கோல்டு அட்டைக்காரருக்குக் கிரிஸ்ஃபிளையர் கோல்டு லவுஞ்ச். பிசினஸ் பயணிகளின் சில்வர்கிரிஸ் லவுஞ்ச் தனி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நெடுந்தூர பிசினஸ் இருக்கைகளைக் கூட்டாளிகளின் மைல்களுக்குத் திறப்பது அபூர்வம் என்பது அடிக்கடி பறப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. திருச்சியிலும் கோவையிலும் அதன் மலிவு நிறுவனமான ஸ்கூட்தான் வருகிறது. ஸ்கூட் ஸ்டாரில் இல்லாததால் கோல்டு அட்டையின் வழக்கமான சலுகைகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் சேராமல் குவாண்டாஸ், யுனைடெட் என்று தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்வதால், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விதி.

சென்னையில் லுஃப்தான்சா நள்ளிரவை ஒட்டி இறங்குகிறது. முன்னுரிமைச் சீட்டு கட்டிய பெட்டி முதலில் வர வேண்டும் என்பது விதி. வருவதும் உண்டு, மற்றவர் பெட்டிகள் எல்லாம் சுற்றிவந்த பிறகு வருவதும் உண்டு. ஸ்டார் கோல்டின் சலுகைகளில் நம்பகம் மிகக் குறைந்தது இதுதான்.

பிறகு மைல் கணக்கு. அப்கிரேடில் பறந்தவருக்கும் முதலில் வாங்கிய எழுத்தின்படியே மைல் பதிவாகும். பிசினஸில் உட்கார்ந்தார் என்பதற்காக மைல் கூடிவிடாது. 2015-ல் டெல்டாவும் யுனைடெடும், 2016-ல் அமெரிக்கனும், தம் டிக்கெட்டுகளுக்கு மைலைத் தூரத்தை விட்டுக் கட்டணத்தோடு இணைத்தன. 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் படிநிலைகளையே பவுண்டு செலவுக்கு மாற்றி, கோல்டுக்கு 20,000 புள்ளி என்று வைத்தது. கூட்டாளி ஓட்டும் பகுதிக்கு யுனைடெட் தகுதிப் புள்ளி கணக்கிடுவது இன்னும் பழைய சாயலில் இருக்கிறது: லுஃப்தான்சாபோல் நெருங்கிய கூட்டாளியானால் கிடைக்கும் மைலை ஐந்தால் வகுப்பார்கள், மற்றவரானால் ஆறால். வாழ்நாள் கோல்டு தரும் பத்து லட்சம் மைல் கணக்கில் யுனைடெட் தானே ஓட்டிய விமானங்களுக்கே இடம். ஃபிராங்க்ஃபர்ட்–சென்னைப் பகுதி அதில் ஏறாது.

இந்த நுணுக்கமெல்லாம் நிறுவனங்களுக்கு விளையாட்டு அல்ல. 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை ஈடுவைத்து 680 கோடி டாலர் திரட்டியது; டெல்டா தன் ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி. கடன் கொடுத்தவர்கள் விமானங்களைவிட உறுப்பினர் பட்டியலை நம்பினார்கள்.

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு தொல்லை பெயரில் இருக்கிறது. மைல் பதிவாகவும் ஸ்டேட்டஸ் போர்டிங் பாஸில் அச்சாகவும், டிக்கெட்டில் உள்ள பெயரும் உறுப்பினர் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர், தந்தை பெயரை ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் எழுதியவர், இன்ஷியலை விரித்தும் சுருக்கியும் போட்டவர் ஆகியோரின் கணக்கைக் கூட்டாளி நிறுவனத்தின் கணினி வேறொருவர் என்று தள்ளிவிடும். சொந்த நிறுவனத்தில் ஊழியர் பார்த்துச் சரிசெய்துவிடுவார். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே போகும் பதிவில் அப்படிப் பார்க்க ஆள் கிடையாது. அதற்குத் தீர்வு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாக் கணக்குகளையும் ஒருமுறை திருத்திவைப்பதும், மைல் ஏறும் வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் இருப்பதும்தான். ஏறாவிட்டால் கோரிக்கை அனுப்ப வேண்டியது லுஃப்தான்சாவுக்கு அல்ல, மைல் சேர்க்கும் திட்டத்தை நடத்தும் யுனைடெடுக்கு. அதற்கும் ஒரு கெடு உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும்.